மணல் கொட்டகையை மூடிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை முன்வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்தார். அடிப்பதற்கு முன்னால் பழைய துருவைக் கம்பி பிரஷால் சுரண்டத் தொடங்கினார். நேற்றெல்லாம் மழை. நனைந்த துரு உதிர்கிறபோது ஒரு வாசனை வருமே, செப்புக் காசை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி, அது அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பிறகு வெளியே போய், மூக்கைக் கட்டிக்கொண்டு சுரண்டக் கூடாதா என்று அந்த மனிதரைச் சத்தம் போட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கிழவிக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பார். நீங்களாக இருந்தால் சத்தம் போட்டிருக்க மாட்டீர்கள். ஒரு துணியை நனைத்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்திருப்பீர்கள். எனக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை.

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. ஒரே அடுப்படியில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் முதலில் வந்தீர்கள், தம்பியைக் கட்டிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். வந்த நாளிலிருந்தே நமக்குள் ஒத்துப்போகவில்லை. எனக்கு வாய் ஓயாது, உங்களுக்கு வாயே திறக்காது. நான் மூச்சுவிடாமல் பேசி முடித்தால் நீங்கள் ஒரு 'ம்' போடுவீர்கள். அது சரி என்பதா, போடி என்பதா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஊமைக்கோட்டான் என்று உங்களுக்குப் பெயர் வைத்திருந்தேன். அது உங்களுக்கும் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குப் போகிற ரோட்டோரம் நம் பட்டறை. சுற்றுத் தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளில் கழற்றுகிற சாமானெல்லாம் லொறியில் வந்து நம் முற்றத்தில்தான் இறங்கும். அதில் பாதிக்கு மேல் டிரையர் தட்டுகள். அரைத்த கொழுந்தைச் சூட்டுக் காற்றில் காயவைக்கிற பெரிய பெட்டிதான் டிரையர். அதற்குள்ளே ஓடுகிற பொத்தல் போட்ட இரும்புத் தட்டுகளில் தேயிலைச் சாறு காய்ந்து காய்ந்து கரியாக இறுகிவிடும். அந்தக் கரிக்கு அடியில் துரு. நம் ஊர் ஈரத்தில் இரும்பை ஒரு ராத்திரி வெளியே விட்டாலே மஞ்சள் பூத்துவிடுகிறது. தட்டு மெல்லியது, உளி வைத்துக் கொத்தினால் ஓட்டை விழும். அதனால் மணல் அடிப்பார்கள்.

அந்த மணல் கொட்டகையை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை கமறுகிறது. பட்டறைக்குப் பின்னால் தகரத்தால் அடைத்த ஒரு பொந்து. ஆற்று மணலைக் காயவைத்துச் சலித்து, காற்று இயந்திரத்தின் ரப்பர் குழாய் வழியாக அதைத் தட்டின்மேல் பீய்ச்சுவார்கள். குழாய் பிடிக்கிறவர் தலையில் கோணிச் சாக்கு, கண்ணுக்கு ஒரு கண்ணாடித் துண்டு, மூக்கில் ஈரத் துணி. கதவைத் திறந்தால் முதலில் புகைதான் வரும், பிறகுதான் ஆள் வருவார். கூலிக்கு வந்தவர்கள் இரண்டு மாதம் நின்றுவிட்டு ஓடிப்போவார்கள். அதனால் உங்கள் வீட்டுக்காரர், என் மச்சாண்டாரே குழாயைப் பிடித்தார். முதலாளி என்று கணக்குப்பிள்ளை மேசையில் உட்கார அவருக்குத் தெரியாது. கடைசியில் டிக்கோயா ஆஸ்பத்திரியில், முதுகுக்கு மூன்று தலையணை வைத்து, படுக்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், இழுத்து இழுத்து மூச்சு விட்டு அவர் போய்ச் சேர்ந்தார். நீங்கள் அழவில்லை. நான் உங்களைக் கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் ஏசினேன்.

அண்ணனின் முப்பதாம் நாள் காரியம் கழிந்ததும் என் வீட்டுக்காரர், இவர், சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனார். வேறு யார் போவார்கள்? மூன்று தோட்டத்துத் தட்டுகள் முற்றத்தில் மழையில் கிடந்தன. சில வருஷம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மாரிகாலத்தில் அந்தச் சத்தம் கேட்டது. சாதாரண இருமல் இல்லை அக்கா, அது எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும். வறட்டு இருமல், அதன் நுனியில் ஒரு சின்ன விசில். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நீங்கள் அம்மியில் இருந்தீர்கள். இரண்டு பேர் கையும் நின்றது. நான்தான் ஓடிவந்து உங்கள் காலடியில் உட்கார்ந்து, எப்போதும் வாய் ஓயாதவள், ஒரே ஒரு வரி சொன்னேன்.

"அக்கா, இவருக்கும் ஆரம்பிச்சிருச்சு."

நீங்கள் என்னைத் தேற்றவில்லை. கையைக் கழுவிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வெள்ளைச் சேலையோடு நேரே பட்டறைக்குப் போய் மச்சாண்டாரின் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். அவர் செத்ததிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை. கருமான் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுத்தியலை இறக்கிவிட்டார்கள். "தம்பி, இனிமே மணல் வேணாம். வேற என்ன வழி இருக்குன்னு பாருங்க" என்றீர்கள். அவ்வளவுதான். இவர் பதறிப்போனார். மணல் இல்லாவிட்டால் தட்டு இல்லை, தட்டு இல்லாவிட்டால் பட்டறை இல்லை, தோட்டத்து ஆட்கள் கண்டிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அன்றைக்கெல்லாம் பேசினார். நீங்கள் 'ம்' என்றீர்கள்.

கொழும்பிலே ஒரு கம்பனி இப்படிப்பட்ட இயந்திரங்களை வரவழைத்து விற்கிறது என்று ஒரு தோட்டத்து இஞ்சினியர் சொல்லிவிட்டுப் போனார். எழுதிக் கேட்டோம். படம் போட்ட புத்தகங்கள் கட்டாக வந்தன. எல்லாம் இங்கிலீஷ். உங்களுக்கு எழுத்துக் கூட்டித் தமிழ் வரும். எனக்கு நுவரெலியாவில் கன்னியாஸ்திரீகள் அடித்து அடித்துப் புகட்டிய இங்கிலீஷ் இருந்தது. அதுவரைக்கும் அது எதற்குப் பிரயோசனப்பட்டது? சோப்புப் பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கத்தான். அன்று முதல் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நான் அடுப்படியில் உட்கார்ந்து வாசிப்பேன், நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பீர்கள். மணலுக்குப் பதில் உருக்குக் குண்டு. காற்றுக்குப் பதில் வேகமாகச் சுற்றுகிற சக்கரம். அது குண்டுகளை வாரி இறைக்கும். எல்லாம் மூடிய பெட்டிக்குள். அடித்த குண்டு கீழே விழுந்து, மறுபடி மேலே ஏறி, மறுபடி அடிக்கும். இதை வாசித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"குண்டுன்னா எம்புட்டுப் பெருசு? மொளகு மாதிரி இருக்குமா, கடுகு மாதிரி இருக்குமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அடுத்த பக்கத்தில் அதற்கே ஒரு அட்டவணை போட்டிருந்தார்கள். தடித்த வார்ப்பிரும்புக்குப் பெரியது, மெல்லிய தகட்டுக்குச் சிறியது என்று. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் அந்த அட்டவணையைப் படித்தோம். மிளகு ஆகாது, தட்டைப் பொத்தலாக்கிவிடும். கடுகும் கொஞ்சம் அதிகம். ரவைதான் சரி என்று வந்து நின்றோம். பின்னால் கொழும்பு இஞ்சினியரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அவர் அதை எண் போட்டுச் சொன்னார், நாம் ரவை என்றோம்.

இயந்திரத்தில் மூன்று தினுசு இருந்தது. ஒன்று உருளுகிற பீப்பாய். சாமான்களை உள்ளே கொட்டினால் புரட்டிப் புரட்டி அடிக்கும். விலை குறைவு, இடமும் குறைவு. இவருக்கு அதில்தான் கண். இன்னொன்று, சாமான்களைக் கொக்கியில் தொங்கவிட்டு மேலே ஓடுகிற சங்கிலியில் அனுப்புவது. அதற்கு நம் கூரையை இரண்டு ஆள் உயரம் தூக்கவேண்டும், நம் ஊர்க் காற்றுக்கு அந்தக் கூரை நிற்காது. மூன்றாவது, கம்பி வலையால் ஆன ஒரு பட்டை. ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வரும். தட்டை இந்தப் பக்கம் படுக்கவைத்தால் அந்தப் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். கன்வேயர் என்று போட்டிருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் பெரிசு, விலையும் அப்படி.

பீப்பாயே போதும் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றபோது நீங்கள் வாதாடவில்லை. பழைய பிஸ்கட் தகரத்தில் பால் டின் மூடிகள் நாலைந்தைப் போட்டு, ஒரு கை சரளைக்கல்லும் போட்டு, மூடி, கூடத்துத் தரையில் காலால் உருட்டிவிட்டீர்கள். கடகடவென்று அது சுவர் வரைக்கும் போய் வந்தது. நாலு தரம் உருட்டியபின் திறந்து இவர் முன்னால் கொட்டினீர்கள். ஒரு மூடியாவது மூடியாக இல்லை. இவர் அவற்றைப் பொறுக்கி எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பீப்பாய்ப் பேச்சு அதோடு நின்றது. எனக்கானால் அன்று முதன்முதலாக உங்களைப் பார்த்துப் பயமாக இருந்தது. அம்மாடி, இவ்வளவு நாளும் கீரை ஆய்ந்துகொண்டே இதையெல்லாம்தான் யோசித்திருக்கிறாளா இந்த மனுஷி என்று.

ஊரே சிரித்தது. அது என்ன காலம்? பாதிப்பேருக்குப் பிரஜாவுரிமை இல்லை, இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் நம்மைப் பங்கு போடப் பேசிக்கொண்டிருக்கிறதாம் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு. பெட்டி படுக்கையைக் கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் வீட்டுக்கே வந்து, "ஊருக்குப் போறதா இருக்குறதான்னே தெரியல. இந்த நேரத்துல கொங்கிரீட் போட்டு மெஷின் நடப்போறீங்களாம்ல?" என்று கேட்டார். கேலிதான். நீங்கள் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்.

"இருக்குற வரைக்கும் மூச்சு விடணும்ல."

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

புது இயந்திரம் வரவழைக்க அரசாங்க அனுமதி கிடைக்கிற வழியில்லை. கொழும்பில் கப்பல் சாமான் திருத்துகிற ஒரு பட்டறை தன்னுடைய கன்வேயர் இயந்திரத்தைக் கைமாற்றப் போகிறது என்று கம்பனி எழுதியது. நல்ல நிலையில் இருக்கிறது, உங்கள் சாமானையே கொண்டுவந்து ஓட்டிப் பாருங்கள், ஆனால் வேறொருவரும் கேட்கிறார், இந்தக் கிழமைக்குள் முடிவு சொல்லவேண்டும் என்று. பட்டறையில் கிடந்ததிலேயே ஆக மோசமான தட்டுகளாகப் பொறுக்கிக் கட்டச் சொன்னீர்கள். இவரும் ஆட்களும் சரி என்றார்கள். மறுநாள் புத்தம் புது அரிசிச் சாக்கில் சுற்றிய கட்டு ரெடி. நாம் மூன்று பேரும் ஹட்டனில் ரயிலேறினோம்.

அந்தக் கட்டை அவிழ்த்தபோது உங்கள் முகத்தை நான் பார்த்தேன். கொழும்புப் பட்டறையில், அந்த இஞ்சினியர் மாத்தயாவுக்கு முன்னால், தட்டுகள் கண்ணாடி மாதிரி மின்னின. ஆட்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கரியை எல்லாம் கத்தி முனையால் சுரண்டி எடுத்து, வழியில் துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் வேறு வழிய வழியப் பூசியிருந்தார்கள். வெளியூர் போகிற சட்டியைக்கூடக் கழுவாமல் கொடுத்து அனுப்பாத ஜனங்கள் இல்லையா நாம்? "அழுக்கா கொண்டாந்தா நம்ம பட்டறைய என்னா நெனப்பாங்க மதினி?" என்று இவர் முணுமுணுத்தார். முன்னால் நின்று தேய்க்கச் சொன்னவரே இவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கிளீன் பண்ணுகிற இயந்திரத்தைச் சோதிக்கக் கிளீன் பண்ணிய தட்டைக் கொண்டுபோனவர்கள் இந்த லங்காபுரியிலே நாம் ஒரு கோஷ்டிதான் இருப்போம்.

இஞ்சினியர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. உங்களுக்குப் புரியட்டும் என்று சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எண்ணெய்த் தட்டை உள்ளே விட்டால் குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிடும், இயந்திரமே பாழ், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவரோ வெள்ளிக்கிழமை பணத்தோடு வருகிறாராம். இவர் அதைக் கேட்டதும் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "விடுங்க மதினி, நமக்கு லாயக்கில்ல. மணலே போதும்" என்றார். சொல்லி முடிக்கவில்லை, இருமல் வந்துவிட்டது. அந்தப் பெரிய பட்டறையில், சுவரைப் பிடித்துக்கொண்டு, நுனியில் விசிலோடு. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

நீங்கள் இஞ்சினியரிடம் உங்கள் கடைத்தெருச் சிங்களத்தில், வியாழக்கிழமை பின்னேரம் வருகிறேன், அதுவரை பொறுங்கள் மாத்தயா என்றீர்கள். வெளியே வந்ததும் இவர், தானே போய் ஒரு தட்டு எடுத்துவருவதாகச் சொன்னார்.

"நீங்க போனா தொடச்சுத்தான் கொண்டாருவீங்க தம்பி" என்றீர்கள். அவ்வளவு கஷ்டத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செட்டியார் தெருவில் உறவுக்காரர் வீட்டில் எங்களை விட்டுவிட்டு, கோவிலுக்குக்கூடத் துணையில்லாமல் போகாதவர், காலை ரயிலில் தனியாக ஏறிப்போனீர்கள். ஹட்டன் வரைக்கும்கூட வரவில்லை. அதற்கு முந்தின ஸ்டேஷன் றொசல்லயில் இறங்கி, மழையில் தேயிலைக்குள் ஏறி, நமக்குத் தட்டு அனுப்புகிற தொழிற்சாலைக்கே போய், டிரையரைக் கழற்றிக்கொண்டிருந்த டீமேக்கரிடம், அந்தத் தொழிற்சாலைக்குப் பொறுப்பானவரிடம், ஒரு தட்டைக் கையாலேயே தொடாமல் அப்படியே தாருங்கள் என்று கேட்டீர்களாம். அவர் சும்மா இருப்பாரா? சேலை கெட்டுப்போகும் என்று பழைய துணியை எடுத்துத் துடைக்க வந்திருக்கிறார். அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டீர்கள். அவர் வீட்டம்மாவோடு தங்கிவிட்டு மறுநாள் ரயிலில் வந்தீர்கள். சாக்கில் சுற்றினால் கரி உதிர்ந்துவிடும் என்று வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை பின்னேரம் அந்தப் பட்டறை வாசலில் நாங்கள் காத்து நின்றோம். ரிக்‌ஷாவிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். அக்கா, நான் அதை எப்படிச் சொல்வேன்? மார்பிலிருந்து பாதம் வரைக்கும் வெள்ளைச் சேலை கன்னங்கரேலென்று கிடந்தது. கையெல்லாம் துரு. நெற்றியில் ஒரு கரிக்கோடு. ஆறேழு மணி நேரம் ரயிலில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள், என்ன சொல்லியிருப்பார்கள்? உங்களுக்கு அதெல்லாம் ஒன்றும் படவில்லை. குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி அந்தத் தட்டைக் கொண்டுவந்தீர்கள். வேலையாட்கள் தானாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். இஞ்சினியர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டார்.

பிறகு அந்த இயந்திரத்தை ஓட்டினார்கள். நம் வீட்டுத் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை கொட்டினால் எப்படி இருக்கும், அதைப்போல நூறு மடங்கு. நெஞ்சுக்குள் அதிர்ந்தது. கம்பிப் பட்டை மெதுவாக நகர்ந்து, உங்கள் கறுப்புத் தட்டு ரப்பர்த் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனது. நான் கண்ணை இமைக்கவில்லை. மறு வாசலில் திரை அசைந்தது, தட்டின் நுனி வந்தது. பனி பெய்த காலையில் புல் இருக்குமே, அந்த நிறம். ஒவ்வொரு பொத்தலும் திறந்து, ஒரு பொட்டுக் கரி இல்லாமல். ஒரு மனிதர்கூடத் தொடவில்லை, ஒருவர் மூக்கிலும் ஒன்றும் ஏறவில்லை. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். கோவிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

இவர்தான் முதலில் தட்டை எடுத்தார். தொழில்காரர் அல்லவா, தரையில் வைத்துப் பார்த்தார். நடுவில் லேசாக வளைந்திருந்தது. "பாத்தீங்களா மதினி, வளைஞ்சிருச்சு" என்றார். இஞ்சினியரும் குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டார். இதில் கிடப்பது பெரிய குண்டு, சின்னது போட்டால் இவ்வளவு வளையாது, ஆனால் கொஞ்சம் வளையத்தான் செய்யும் என்றார்.  நீங்கள் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் அது வெளியே வந்தபோதும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் கண் முழுக்க வேறு எங்கோ இருந்தது.

"வளைஞ்சத சுத்தியால நிமித்திக்கலாம் தம்பி. ஒங்க அண்ணன நிமித்த முடிஞ்சுதா?"

 நீங்கள் இஞ்சினியரைக் கேட்டீர்கள், இதை ஓட்டுகிற ஆள் எங்கே நிற்பார் என்று. தட்டு வைக்கிற வாசலுக்குப் பக்கத்தில், இதோ இங்கே என்று காட்டினார். அந்த இடத்தில் போய் நின்றீர்கள். இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, தண்ணீர்க் குழாயில் நனைத்துப் பிழிந்து, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, ஓட்டச் சொல்லிக் கையைக் காட்டினீர்கள். அந்தப் பட்டறையில் கிடந்த துருச் சாமான்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே அனுப்பினார்கள். அந்த இரைச்சலுக்குள் நீங்கள் கல் மாதிரி நின்றீர்கள்.  நிறுத்தச் சொல்லிக் கை காட்டும்வரை ஒருவரும் அசையவில்லை.

துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தீர்கள். நானும் இவரும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தோம். தும்பைப் பூ மாதிரி இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். மூக்கு பட்ட இடத்தில் லேசாக ஒரு சாம்பல் நிழல். நம் கொட்டகையிலானால் அதற்குள் அந்தத் துணி சேறாகியிருக்கும். இந்த நிழல்கூட ஏன் விழுந்தது என்று கேட்டீர்கள். தூசி பிடிக்கிற பைகள் பழசு, புதுப் பை போட்டால் அதுவும் இராது என்று இஞ்சினியர் சொன்னார். புதுப் பைகளோடு சேர்த்துத்தான் பேச்சு என்று நீங்கள் முடித்தீர்கள்.  இவர் அந்தத் துணியை உங்கள் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்து, தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அண்ணன் சாவுக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

மலை ஏறி வந்த லொறி ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, சில்லு பின்னால் உருளாமல் ஆட்கள் கட்டை போட்டுப் போட்டு, ஒருவழியாக வந்து சேர்ந்தது. சிரித்த கடைத்தெருவே வேடிக்கை பார்க்க வந்தது. முதல் தட்டு வெளியே வந்தபோது பலசரக்குக் கடைக்காரர் கையைத் தட்டினார். நீங்கள் அங்கே இல்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். மணல் கொட்டகையின் தகரத்தை நீங்களே கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தீர்கள். அப்போது அழுதீர்கள் அக்கா. சத்தமில்லாமல், கடப்பாரையை நிறுத்தாமல். நான் வாயைத் திறக்காமல் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இவரின் நெஞ்சுக்குள் ஏற்கெனவே போன மணல் போனதுதான், அதை எடுக்க முடியாது, மேலே தூசி படாமல் இருந்தால் இத்தோடு நிற்கலாம் என்று டாக்டர் சொன்னார். நின்றது. மாரிகாலத்தில் கொஞ்சம் இருமுவார், வேகமாகப் படியேறினால் நிற்பார். மற்றபடி தட்டை வைத்தார், எடுத்தார், வளைந்ததைச் சுத்தியால் நிமிர்த்தினார், நம்மோடு சண்டை போட்டார், பிள்ளைகளைப் படிக்கவைத்தார். தூசிப் பைகளை மட்டும் மாதம் தவறாமல் நீங்கள் வந்து பார்ப்பீர்கள். வேறு யாரையும் நம்பியதில்லை.

நீங்கள் போனது தை மாதத்தில், காய்ச்சலில், அதிகம் படுக்காமல். நம் மயானம் எதிர் மலையின் உச்சியில் இருக்கிறது. பாதையோ ஏணி மாதிரி. உங்கள் கூடப்பிறந்த தம்பியின் மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். பாடைக்கு இவர் தோள் கொடுக்க வந்தபோது எல்லோரும் தடுத்தார்கள். உன் நெஞ்சுக்கு ஆகாது, கீழ் ரோட்டோடு மாற்றிக்கொடுத்துவிடு என்றார்கள். நானும் சொன்னேன். இவர் யாரையும் பார்க்காமல் தோளைக் கொடுத்தார்.

பெண்பிள்ளைகள் நாங்கள் வாசலோடு நின்றோம். அங்கிருந்து பார்த்தால் அந்தப் பாதை முழுக்கத் தெரியும். பச்சைக்கு நடுவே நீங்கள் போவது தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் இங்கே நிற்பார், இங்கே நிற்பார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று பேரும் ஆள் மாற்றினார்கள். இவர் மாறவில்லை. ஒரு இடத்திலும் நிற்காமல், உச்சி வரைக்கும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

திரும்பி வந்து குளித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன்.

"மதினி கனமாவே இல்ல. எனக்கு மூச்சு வாங்கவே இல்ல" என்றார்.

இதோ, பக்கத்து அறையில் தூங்குகிறார். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டேன். ஒழுங்காக வருகிறது, போகிறது. உங்களிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான் அக்கா.

உங்கள் வாயாடி.